கேமரா சார் வீட்டுத் துப்பாக்கி

மூன்றாவது மாடியில் குடியிருந்தவருக்கு அந்தக் கட்டடத்தில் கேமரா சார் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெறும் சார் என்று நிறுத்திக்கொள்வார்கள். வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிற மனிதரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட எவனுக்குத் தைரியம் வரும்? ஆனால் பெயர் என்னவோ அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரிதான். படியேறி வருகிறவர் யாரானாலும் அவர் முதலில் பார்ப்பது கையை, அப்புறம் பையை, முகமெல்லாம் கடைசியில்தான். இரண்டாவது மாடிக்காரம்மா பல வருஷம் அவரிடம் வணக்கம் சொல்லியிருக்கிறாள். அவள் மூக்குத்தி போட்டிருக்கிறாளா இல்லையா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவள் காய்கறிப் பையை எந்தக் கையில் தூக்குவாள் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார்.

பணம் ஏற்றிப் போகிற வேனில் அவருக்குக் காவல் வேலை. அந்தத் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத வழக்கம் ஒன்று உண்டு. கம்பெனிக்காரன் சீருடை கொடுப்பான், பூட்ஸ் கொடுப்பான், விசில்கூடக் கொடுப்பான். துப்பாக்கி மட்டும் கொடுக்கமாட்டான். லைசென்ஸும் சொந்தத் துப்பாக்கியும் இருக்கிறவனுக்குத்தான் அங்கே வேலையே. ஆகவே சாயங்காலம் டியூட்டி முடிந்தால் துப்பாக்கியும் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கழற்றி, மனைவி தைத்துக் கொடுத்த நீளப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். போட்டோ எடுப்பவர்கள் தூக்கிப் போகிற மூன்றுகால் ஸ்டாண்டு என்று பஸ்ஸில் நினைத்துக்கொள்வார்கள். கேமரா சார் என்ற பெயருக்கு அதுவும் தோதாகப் போயிற்று.

சொந்த வீடு இருக்கிறவனுக்குத் துப்பாக்கி வைத்திருப்பது பெரிய விஷயமில்லை. வாடகை வீட்டில் அது தினம் தினம் தலைவலி. துப்பாக்கி லாக்கரை யாரும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாதபடி கட்டடத்தோடு சேர்த்து முடுக்கியிருக்க வேண்டும் என்பது லைசென்ஸ் கொடுத்த ஸ்டேஷனில் போட்ட நிபந்தனை. தரைத்தளத்தில் இருந்த ஹவுஸ் ஓனரோ, சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்த மாதிரி துடித்துப் போகிறவர். குடிவந்த புதிதில் இரண்டு பேருக்கும் இதில் பெரிய இழுபறி.

"சுவத்துல ஓட்டை கூடாதுன்னு அட்வான்ஸ் வாங்குறப்பவே சொன்னேனே சார்."

"ஓட்டை போடலைன்னா போலீஸ் ஒத்துக்க மாட்டாங்க. எவனாவது லாக்கரோட தூக்கிட்டுப் போயிட்டா?"

"மூணு மாடி ஏறி வந்து அந்த இரும்பைத் தூக்கிட்டு இறங்குறவன் கையில துப்பாக்கி வேற எதுக்கு? அவன் வெறுங்கையாலேயே நம்ம ரெண்டு பேரையும் நசுக்கிருவான்."

கடைசியில் படுக்கையறைச் சுவர் அலமாரியின் அடித்தட்டில், சுவரைத் தொடாமல், சிமெண்டுப் பலகையில் மட்டும் போல்ட் முடுக்கிக்கொள்ளலாம் என்று ஓனர் இறங்கி வந்தார். டிரில் ஓடுகிற நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு துளைக்கும் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவர் செய்த தப்பு. லாக்கர் எந்த அறையில், எந்தத் தட்டில் என்று கண்ணால் பார்த்துவிட்டாரா இல்லையா? அன்றைக்கே கேமரா சாரின் சந்தேகப் பட்டியலில் முதல் ஆளாகச் சேர்ந்துவிட்டார். டிரில் போட்டவன் இரண்டாவது ஆள். பாவம், அவன் கூலி வாங்கிக்கொண்டு போனதோடு சரி, அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. வராததும் கேமரா சாருக்குச் சந்தேகம்தான்.

துப்பாக்கி படுக்கையறையில். தோட்டாக்கள் அங்கே இருக்கக் கூடாது; அவற்றுக்குத் தனி இரும்புப் பெட்டி, சமையலறையில் மேல் தட்டில், ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு. இரண்டு சாவியும் ஒரு கொத்தில் சேரவே கூடாது. லாக்கர் சாவி இடுப்புக் கயிற்றில். குளிக்கும்போதுகூட அது இறங்காது. தோட்டாப் பெட்டிச் சாவிக்கு மட்டும் நிலையான இடம் கிடையாது. ஒரு வாரம் கடிகாரத்துக்குப் பின்னால், ஒரு வாரம் பழைய ஷூவுக்குள், ஒரு வாரம் சாமி படத்துக்குக் கீழே என்று அது ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு நூல் வேறு. மனைவியின் தையல் மெஷினிலிருந்து ஒரு துண்டு நூலை அறுத்து, பெட்டியை மூடும்போது மூடியின் இடுக்கில் மாட்டிவிடுவார். எவன் திறந்தாலும் நூல் விழுந்துவிடும். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் நூலைப் பார்ப்பார்.

மனைவி முன்னறை ஜன்னலோரம் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கைவேலை அதைவிடச் சுத்தம். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அப்பா போனை வாங்கினால், "சாப்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு தண்ணீர் பாட்டிலில் தடுக்கி விழுந்தது.

ஒரு ஏ.டி.எம். வாசலில் பணப்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேமரா சார் வேன் கதவோரம் காவல். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். கை பைக்குள் இருந்தது. நில் என்று இவர் கத்தினார், அவர் நிற்கவில்லை. லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. இவர் துப்பாக்கியைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அந்த மனிதர் அப்படியே முட்டி போட்டு விழுந்தார். விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பைக்குள்ளிருந்து உருண்டு வந்தது கேமரா சாரின் சொந்த பாட்டில். டீக்கடையில் அவர் மறந்து வைத்துவிட்டு வந்ததை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியராம். "உங்க பாட்டில் சார், உங்க பாட்டில்" என்று தரையிலிருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரோ அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். விசாரணை முடிகிறவரை வீட்டில் இரு என்று கம்பெனி சொல்லிவிட்டது.

வீட்டில் இரு என்றால் என்ன செய்வது? அவருக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்தார். மனைவி தட்டில் வைத்ததைப் பாதி சாப்பிட்டார், பாதியை அப்படியே வைத்தார். மெஷின் ஓடினால் தலை வலிக்கிறது என்றார், ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்றார். வேலையில் இருக்கும்போது ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுத்த சந்தேகம் இப்போது மொத்தமாக அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓனர் ஏன் இன்றைக்கு இரண்டு தடவை மாடிக்குப் போனார், எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவன் ஏன் பகலிலும் வீட்டிலேயே இருக்கிறான், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவன் படுக்கையறைக் கதவை எதற்கு எட்டிப் பார்த்தான்.

"குழாய் எங்க போகுதுன்னு பாத்திருப்பான்" என்பாள் மனைவி.

"குழாய் சமையல்கட்டுல இருக்கு. அவன் பார்வை எங்க இருந்துச்சுன்னு நான் பாத்தேன்ல."

"நீங்க அவனைப் பாத்தீங்க, அவன் நீங்க ஏன் பாக்குறீங்கன்னு பாத்திருப்பான். போதுமா?"

வேலையே இல்லாவிட்டாலும் துப்பாக்கியைத் துடைப்பதை அவர் விடவில்லை. முன்பு வாரம் ஒரு தடவை, இப்போது தினமும். அந்த வாரம் மகளிடம் போனில் வெகுநேரம் பேசினார். மகளுக்கே ஆச்சரியம்.

இந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி; பழைய போன் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தான். கலகலப்பான ஆள். கேமரா சாருக்கும் அவனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். ஒரு காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் இவருடைய பைக்கை எடுத்துக்கொண்டு போய் பெட்ரோல் தீருகிறவரை சுற்றிவிட்டு வந்தவன். அதை இவர் இன்னும் மறக்கவில்லை. வந்தவன் சாப்பிட்டு முடித்ததும் சிரித்துக்கொண்டே, "மாமா, ஒரே ஒரு தடவை அதைத் தொட்டுப் பாக்கட்டுமா?" என்றான். இவர் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். அவன் ராத்திரி முன்னறையில் படுத்துவிட்டு விடிந்ததும் கடை திறக்கக் கிளம்பிப் போனான்.

அவன் போனதும் கேமரா சார் சமையலறைக்குப் போய் மேல் தட்டைப் பார்த்தார். நூல் இருந்தது. இடுக்கில், அவர் மாட்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் மாட்டியது கருநீலம். இருந்தது கறுப்பு.

ஷூவுக்குள் இருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை.

துப்பாக்கி லாக்கரைப் போய்ப் பார்த்தார். அது பத்திரமாக இருந்தது. மறுபடி சமையலறைக்கு வந்து காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார், தோட்டா என்ன மூலையில் ஒளிந்துகொள்ளவா போகிறது? விஷயம் எங்கே போய் முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தோட்டா காணாமல் போனால் உடனே ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும். சொன்னால், பத்திரமாக வைக்கத் தெரியாதவன் என்று லைசென்ஸ் போகும். ஏற்கனவே ஒரு விசாரணை தலைக்கு மேல் தொங்குகிறது, அதிலும் மண். லைசென்ஸ் போனால் அந்தத் தொழிலில் அவருக்கு இடமே இல்லை. சொல்லாமல் விட்டாலோ, அந்தத் தோட்டா எவன் உடம்பிலாவது போய் இறங்கினால் மிச்ச வாழ்க்கைக்குச் சிறைதான். சாயங்காலத்துக்குள் ஆளைப் பிடித்துத் தோட்டாவைத் திரும்ப வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மனைவி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். "என்னங்க, மேல என்ன தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பல்லி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். வீட்டில் தோட்டா இல்லை என்று தெரிந்தால் அவள் பயந்துபோவாள் என்று நினைத்தார்.

ஓனர் தரைத்தளத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல?"

"எல்லா வீட்டுச் சாவியும்தான் இருக்கு. எதுக்கு?"

"நேத்து நாங்க கடைத்தெருவுக்குப் போனப்ப மேல வந்தீங்களா?"

ஓனர் குழாயை மூடினார். "எனக்கு முட்டி வலி. என் வீட்டு மாடிக்கு நானே போறதில்ல. அன்னிக்கு டேங்க் வழிஞ்சப்ப ரெண்டு தடவை ஏறினதுக்கு இன்னும் தைலம் தேய்க்கிறேன். என்ன காணோம் உங்க வீட்டுல?"

"காணோம்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. முகம் சொல்லுது."

"நூல் கறுப்பா இருந்துச்சு" என்று வாயைக் கொடுத்தார் கேமரா சார்.

ஓனர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல தையல் மெஷின் இருக்கு. கறுப்பு நூல் இருக்கத்தான் செய்யும். நல்லாத் தூங்குறீங்களா நீங்க?"

அந்த ஆள் சொன்னதை அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கட்டடத்தில் ஒவ்வொரு கையையும் பார்த்த மனிதர், வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிற கையைப் பார்க்கவில்லை. திருடன் வெளியிலிருந்துதான் வருவான் என்று பழகிப்போன புத்தி. மெஷின் முன்னறையில் இருக்கிறது, முன்னறையில் படுத்தது மச்சினன், நூல் அவன் கைக்கெட்டுகிற தூரம். கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது. நேராக மச்சினன் கடைக்குப் போனார்.

கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். இவரைப் பார்த்ததும் மச்சினன் எழுந்து ஸ்டூலைத் தூக்கிப் போட்டான். "வாங்க மாமா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. டீ சொல்லட்டுமா?"

"எடுத்ததைக் குடு."

"எதை?"

"யாருக்கு விக்கப் போற? இல்ல வித்துட்டியா?"

அவன் முதலில் சிரித்தான். இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "மாமா, எனக்கு நிஜமாவே புரியல. அக்கா நல்லா இருக்குல்ல?"

"அக்காவை இழுக்காத. தோட்டா எங்கடா?"

போன் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டாள். மச்சினன் கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்தான். குரல் இறங்கிப்போயிருந்தது.

"தோட்டா காணோமா? வீட்டுலேர்ந்தா?"

"நடிக்காத. தொட்டுப் பாக்கணும்னு கேட்டவன் நீ. பைக்கைக் கேக்காம எடுத்தவனும் நீதான். உன்னை வீட்டுக்குள்ள படுக்க வச்சது என் தப்பு. திருட்டுப் போன் வாங்கி விக்கிறவன் புத்தி எங்க போகும்?"

அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். மச்சினன் கண் கலங்கிவிட்டது.

"பையைப் பாருங்க, கடையைப் பாருங்க, என் வீட்டையும் வந்து பாருங்க. நான் எடுக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன் மாமா. நேத்து நான் சும்மா வரல. அக்கா அழுதுட்டே போன் பண்ணுச்சு, ஒரு நாள் வந்து இருடான்னு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல."

அதுவும் அவருக்கு வேறு மாதிரிதான் கேட்டது. அக்காவும் தம்பியும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்களா? வரும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகப் படுக்கையறைக்குப் போய், கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்தார்.

மெஷின் நின்றது. மனைவி அறை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஸ்டேஷனுக்கு. தோட்டா காணோம். உன் தம்பிதான் எடுத்திருக்கான். பேரைச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன். நீ நடுவுல வராத."

"அவன் எடுக்கல."

"நீ பாத்தியா?"

"நான்தான் எடுத்தேன்."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றது. "நீயா? சாவி?"

"சாவி ஷூவுக்குள்ள. போன வாரம் படத்துக்குக் கீழ. அதுக்கு முன்னாடி கடிகாரத்துக்குப் பின்னாடி. ஏங்க, தினம் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவ நான். எனக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு குண்டூசி இருக்க முடியுமா? நூல் மட்டும்தான் தப்பாப் போச்சு. நேத்து ராத்திரி சமையல்கட்டு வெளிச்சத்துல நீலம்னு தெரியல."

அவள் கட்டிலில் இருந்த தன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உறையைக் கழற்றி, தையல் பிரிக்கிற பிளேடால் ஓரத்தைப் பிரித்தாள். பஞ்சுக்குள் கையை விட்டாள். சீருடைத் துணியில் தனித்தனியாகச் சுற்றித் தைத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? தோட்டாமேல தலை வச்சுப் படுத்தியா?"

"ஆமா. நான் தூங்குறப்ப அதை எடுக்கணும்னா என் தலையைத் தூக்கணும். தூக்கினா முழிச்சுக்குவேன்."

"எவன் வந்து எடுக்கப் போறான்? வீடு பூட்டி, கதவு பூட்டி, பெட்டி பூட்டி—"

"வெளியேர்ந்து எவனும் வர மாட்டான். எனக்கு வெளியாளைப் பத்திப் பயமே கிடையாது." அவள் பிளேடைக் கீழே வைத்தாள். "உங்களைப் பத்தித்தான் பயம்."

அவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "என்ன பேசுற நீ? என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"புதன்கிழமை மத்தியானம் பட்டன் வாங்கக் கடைக்குப் போனேன். பர்ஸை மறந்துட்டுப் பாதியில திரும்பி வந்தேன். நீங்க இந்தக் கட்டில்ல உக்காந்திருந்தீங்க. கழட்டி வச்ச துப்பாக்கியை மாட்டி மடியில வச்சிருந்தீங்க. உள்ளங்கையில தோட்டாப் பெட்டிச் சாவி. அதையே பாத்துட்டு இருந்தீங்க. நான் வந்தது உங்களுக்குத் தெரியல. கேமரா சாருக்கு ஆள் வந்தது தெரியல. சத்தம் போடாம இறங்கிப் போயி, அப்புறம் படியில காலைத் தட்டித் தட்டி ஏறி வந்தேன். அதுக்குள்ள எடுத்து வச்சுட்டீங்க."

"துடைச்சுட்டு இருந்தேன்."

"துடைக்கிற துணி என் மெஷின் மேல இருந்துச்சுங்க."

அவர் பாதியில் விட்ட பொத்தானைப் போட்டார்.

"மகளுக்குப் போன் பண்ணி, அம்மாவை உன்கூட வச்சுக்கன்னு சொன்னீங்களாமே. அவ என்கிட்ட கேட்டா, அப்பா ஏம்மா இப்படிப் பேசுறாருன்னு. கேஸ் சிலிண்டர் புக் எங்க இருக்கு, இன்சூரன்ஸ் எங்க இருக்குன்னு எனக்கு என்னிக்காவது காட்டியிருக்கீங்களா நீங்க? போன வாரம் உக்கார வச்சுக் காட்டுனீங்க. என்கிட்ட கேட்டிருக்கலாம்னு சொல்லாதீங்க. கேட்டா, துடைச்சேன்னு சொல்வீங்க. இப்ப சொன்ன மாதிரி. தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவன்கிட்டயும் வாயைத் திறக்கல, உங்க மானம் போயிடும்னு. அவனை ஜெயிலுக்கு அனுப்பக் கிளம்பிட்டீங்க, அதனாலதான் சொல்றேன்." அவள் அழவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கேமரா சார் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தப் புதன்கிழமை மத்தியானம் என்ன நினைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். அந்த ஆசிரியர் ஞாபகம்தான் வந்திருந்தது. முறிந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உங்க பாட்டில் சார் என்று சொன்னது. விரலில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருந்திருந்தால் அந்த மனிதர் எழுந்தே இருக்கமாட்டார் என்பது. அதற்கப்புறம் என்ன நினைத்தோம்? நினைத்தது இருந்தது. அதை அவர் முழுசாகப் பார்க்கவில்லை, பார்க்காமல் ஒரு ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது அது வெளிச்சத்துக்கு வந்து நின்றது. இத்தனை வருஷம் எத்தனை ஆளைப் பார்த்துப் பயந்திருக்கிறார். தன்னைப் பார்த்துத் தானே பயந்தது இதுதான் முதல் தடவை.

"எனக்கே தெரியல" என்றார். "அன்னிக்கு என்ன செய்யப் போனேன்னு எனக்கே தெரியல."

"அது போதும்" என்றாள் அவள். "துடைச்சேன்னு சொல்லாம இருந்தீங்களே, அது போதும்."

பிறகு அவரே எழுந்து இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு எதுக்கு? எங்க ஒளிச்சு வச்சாலும் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. உங்களுக்கு வேலையே அதுதானே. இந்த வீட்டுல அதை வைக்க இடம் கிடையாது, அவ்வளவுதான்."

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தார். ஊருக்குப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் அவரிடம் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அவரும் இரும்பு அறையில் வைத்துப் பூட்டிக்கொள்வார். சட்டப்படி சரியான காரியம். ஆனால் அங்கே துப்பாக்கி போனால் வேனில் ஏற முடியாது. விசாரணையில் நல்லபடியாகத் தீர்ப்பு வந்தாலும் வெறுங்கையோடு நிற்கிறவனைக் கம்பெனி கூப்பிடாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மத்தியானமே கிளம்பினார்கள். அவர் தோளில் நீளப் பை. தோட்டாக்கள் அவருடைய சாப்பாட்டுப் பையில், சீருடைத் துணி சுற்றியபடியே. படியில் ஓனர் எதிரே வந்தார். முட்டி வலியோடு எதற்கோ ஏறிக்கொண்டிருந்தார். கேமரா சார் நின்றார். அவர் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, "காலையில பேசினதுக்கு மன்னிச்சுக்கங்க சார்" என்றார். ஓனர் துப்பாக்கிப் பையைப் பார்த்துவிட்டு, "லாக்கரைக் கழட்டினா போல்ட்டு ஓட்டையை அடைக்க மறந்துடாதீங்க" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. "எடுக்க மாட்டான். நேர்ல போய்த்தான் கேக்கணும்" என்றாள் மனைவி. சரி என்றார்.

துப்பாக்கிக் கடைக்காரர் வயசானவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்தார், குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். துணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தோட்டாக்களை வரிசையாக வைத்தார். இது என்ன புது மாதிரிப் பேக்கிங் என்று கேட்கவில்லை.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஒரு துரு இல்ல" என்றார். "ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல."

"வீடு மாத்துறீங்களா?"

"இல்ல. அதே வீடுதான். வாடகை வீடு. வீட்டுல வச்சுக்கப் பாதுகாப்பு இல்ல."

"லாக்கர் இருக்கும்ல?"

"இருக்கு. போல்ட் போட்டது."

"அப்புறம் என்ன? சந்தேகப்படுற மாதிரி ஆள் யாராவது வந்து போறாங்களா?"

கேமரா சார் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் கடைக்காரர் மேஜைமீதிருந்த துணித்துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற விரல்களில் ஊசி குத்திய தழும்புகள். அவள் கையை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"வந்து போறதில்ல" என்றார். "வீட்டுலயேதான் இருக்கான்."

"யாரு?"

"நான்தான்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துப்பாக்கியை உள்ளே எடுத்துப் போய்ப் பூட்டிவிட்டு வந்தார். "நீங்க மட்டும் தனியா வந்து கேட்டா குடுக்க மாட்டேன்" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அங்கே, முன்பின் தெரியாத மனிதர் எதிரில், துணித்துண்டுகளை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கேமரா சார் தடுக்கவில்லை. கடைக்காரர் நீட்டிய தண்ணீரை வாங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார்.